வல்லத்திலிருந்து ஒருவர்

குற்றாலம் என்றதும் தமிழ் படித்தவர்களின் நினைவில் எழுகின்றவை சில உண்டு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், அவருடைய குறவஞ்சி, ரசிகமணி டி.கே.சி.யின் வீடு, அங்கே கூடிய நண்பர்கள். குறவஞ்சி பாடமாக வரும் ஒவ்வோர் ஆண்டும் இவற்றை வகுப்பில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையில் உள்ள வல்லம் என்னும் ஊரைப் பற்றியோ, அங்கே 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்த ஒரு மனிதரைப் பற்றியோ, ஏறக்குறைய இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் ஒருமுறைகூட நான் வகுப்பில் பேசியதில்லை. பேச நேர்ந்தபோது அது வகுப்பாக இருக்கவில்லை. என் வீட்டுத் திண்ணையாக இருந்தது. கேட்டவர் ஒரு சுமை ஆட்டோ ஓட்டுநர்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, ஆனி மாதம். சாரல் தொடங்கியிருந்தது. மழை என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. துணி காயாத நாட்கள். அப்படியொரு மாலையில் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்களுடைய மகள் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவள். எங்கள் கல்லூரியில் கணிதம் இளங்கலை முடித்து, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலையும் முடித்திருந்தாள். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்விலும் தேறியிருந்தாள். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா சார்" என்றார் தந்தை. "பி.எட். முடிச்சா பள்ளிக்கூடத்துல வேலைக்குப் போயிரலாம். இது இன்னும் அஞ்சு வருசம்ங்கா. எதுக்குன்னு கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியல."

தாய் ஒன்றும் பேசவில்லை. அவருடைய விரல் நுனிகளில் பீடி சுற்றுபவர்களுக்கே உரிய கறை இருந்தது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் அந்தக் கறையிலிருந்து வந்ததுதான்.

"சொல்லிப் பார்க்கிறேன்" என்றேன். அவளைப் போகச் சொல்லுவேனா, வேண்டாம் என்பேனா என்று நான் தெளிவாகச் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கேள்விக்கு நான் முன்பு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன்.

*

முதுகலைத் தமிழ் முடித்துச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். விடுதியில் என் அறைக்குள் வந்து சேர்ந்தவனும் தென்காசிக்காரன்தான். கணிதத் துறை ஆய்வாளன். எண் கோட்பாடு அவனுடைய பிரிவு. 2003 முதல் நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம்.

கணிதத்தில் ஆய்வு என்றால் என்ன செய்வார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வேதியியல்காரனுக்குக் குடுவை இருக்கிறது, தமிழ்க்காரனுக்குச் சுவடி இருக்கிறது. இவனிடம் ஒரு பேனாவும் ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்களின் பின்பக்கமும் இருந்தன. முதலிரண்டு ஆண்டுகள் பாடங்கள், அதன்பின் ஒரு தகுதித் தேர்வு. பிறகு நெறியாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுப்பார். பன்னிரண்டு பக்கம். அதைப் படிக்க அவனுக்கு மூன்று மாதம் ஆகும். 'இதிலிருந்து எளிதில் பெறப்படும்' என்று கட்டுரையாசிரியர் ஒரு வரியில் தாண்டிய இடத்தில் இவன் இரண்டு வாரம் உட்கார்ந்திருப்பான். வாரம் ஒருநாள் துறையில் கருத்தரங்கு. கரும்பலகையின் முன் நின்று படித்ததைச் சொல்ல வேண்டும். முதல் வரிசையிலிருந்து யாரேனும் 'ஏன்?' என்று கேட்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நடுங்கியபடி அவன் முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் கிடப்பான்.

எங்கள் துறையிலும் 'ஏன்' என்று கேட்பதுண்டு. ஆனால் மழுப்ப இடமுண்டு. 'அறிஞர்கள் கருதுவர்' என்று ஒரு தொடர் எங்களைக் காப்பாற்றிவிடும். அவனுக்கு அப்படி ஒரு தொடர் கிடையாது. எவ்வளவு பெரியவர் கருதினாலும் நிறுவல் இல்லையென்றால் இல்லைதான். அதைக் கண்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், பயந்தும் இருக்கிறேன்.

அவன்தான் எனக்கு வல்லத்துக்காரரை அறிமுகப்படுத்தினான். மேசைக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இராமானுஜன் இருந்தார். அது எல்லாக் கணிதத் துறைகளிலும் இருப்பது. மேசை இழுப்பறையில், நைந்த நகல் தாள்களாக, எஸ்.எஸ்.பிள்ளை இருந்தார். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. "நம்ம ஊரு ஆளு வே. வல்லம்" என்றான். நான் நம்பவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயதானபோது தாய் இறந்தார். பள்ளியின் இறுதி ஆண்டில் தந்தையும் போய்விட்டார். படிப்பு அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய திறமையைக் கண்டுகொண்டிருந்த ஓர் ஆசிரியர் கை கொடுத்தார். சாஸ்திரியார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் பகுதி. 1956இல்தான் நம்மோடு இணைந்தது. ஆகவே பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட்டும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.வும் படித்தார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். ஆனந்த ராவும் வைத்தியநாதசுவாமியும் அங்கே அவருக்கு வழிகாட்டினார்கள். 1929இல், பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டில், அண்ணாமலைக்கு விரிவுரையாளராகப் போனார். 1941 வரை சிதம்பரம்தான் அவருடைய ஊர். அவருடைய மிகச் சிறந்த பணிகள் அங்கே நடந்தவை.

என்ன பணி என்று நான் கேட்டேன். நண்பன் விடுதி வாசலில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் கொட்டினான்.

எந்த எண்ணையும் சில வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம். 7 என்றால் 4, 1, 1, 1. நான்கு வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய எண்ணானாலும் நான்குக்கு மேல் வேண்டாம் என்று 1770இல் லக்ராஞ்ச் நிறுவினார். அதே ஆண்டில் வேரிங் என்ற ஆங்கிலேயர், கன எண்கள் என்றால் ஒன்பது போதும், நாலாம் அடுக்கு என்றால் பத்தொன்பது போதும் என்று நிறுவல் ஏதுமின்றி எழுதி வைத்தார். 23 கடலையை எட்டெட்டாகப் பிரித்தால் இரண்டு குவியல், மிச்சம் ஏழு ஒற்றைக் கடலை. ஆக ஒன்பது. 79ஐப் பதினாறு பதினாறாகப் பிரித்தால் நான்கு குவியல், மிச்சம் பதினைந்து. ஆக பத்தொன்பது. எந்த அடுக்குக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்று 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால் அந்த எல்லை எத்தனை? ஒவ்வோர் அடுக்குக்கும் சரியான எண் எது?

இந்தக் கேள்வியின் பெரும்பகுதிக்கு 1930களின் நடுவில் விடை வந்தது. அமெரிக்காவில் டிக்சன், சிதம்பரத்தில் பிள்ளை. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒருவரையொருவர் சாராமல். எஞ்சியவற்றுள் ஒன்று ஆறாம் அடுக்கு. அதை 1940இல் பிள்ளை தனியாக முடித்தார். விடை 73. "703 கடலை வாங்கினா காட்டலாம்" என்றான் நண்பன். அறுபத்து நான்கு அறுபத்து நான்காகப் பத்துக் குவியல், மிச்சம் 63 ஒற்றைகள். 73க்குக் குறைந்து முடியாது. இவ்வளவு நானே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த எண்ணுக்கும், எண்ணி முடியாத அத்தனை எண்களுக்கும், 73க்கு மேல் ஒருபோதும் வேண்டாம் என்பதை எப்படி ஒருவர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து உறுதி செய்ய முடியும்? அங்கேதான் கணிதம் தொடங்குகிறது என்றான். எனக்கு அதற்கு மேல் புரியவில்லை. ஆனால் கொள்ளிடத்துக்கு இக்கரையில் ஒரு விரிவுரையாளர் அதைச் செய்தார் என்பது புரிந்தது.

*

அவனுடைய நான்காம் ஆண்டில் அது நடந்தது. இரண்டரை ஆண்டு உழைத்து ஒரு தேற்றத்தை ஏறக்குறைய முடித்திருந்தான். ஒரு துணைத்தேற்றம் மட்டும் பாக்கி. ஒருநாள் கணினி அறையிலிருந்து வந்தவன் பேசாமல் படுத்துக்கொண்டான். அதே முடிவை, இன்னும் விரிந்த வடிவில், வெளிநாட்டில் இருவர் எட்டு மாதம் முன்பே இணையத்தில் வெளியிட்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு வீடுகளில் ஒரே கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவனுடைய நெறியாளர் நல்லவர். வேறு கணக்கு பார்க்கலாம், இதுவும் பயிற்சிதான் என்றார். ஆனால் அதே மாதம் ஊரில் அவன் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டில் திருமணமாகாத தங்கை இருந்தாள்.

என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டான். அப்போது நானே என் ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் முடிவில் இருந்தேன். குற்றாலத் தலபுராணமும் குறவஞ்சியும் பற்றிய ஆய்வு. கள ஆய்வுக் குறிப்புகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன, எழுத வரவில்லை. தனியார் கல்லூரியில் ஓர் இடம் கிடைத்திருந்தது. விடுபவனுக்கு இன்னொருவனும் விட்டால் ஆறுதல். "ஊருக்கு வந்துவிடு. பள்ளிக்கூட வேலைக்கு நான் சொல்கிறேன்" என்றேன். அதை நட்பின் பெயரால்தான் சொன்னேன். அதில் என் கோழைத்தனம் எவ்வளவு கலந்திருந்தது என்று பிறகு பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன்.

அவன் வந்தான். பள்ளியில் சில ஆண்டுகள், பிறகு சொந்தமாகத் தனிப்பயிற்சி நிலையம். நல்ல ஆசிரியன், கைநிறைய மாணவர்கள். தங்கைக்குத் திருமணம் செய்து வைத்தான். வீடு கட்டினான். நாங்கள் மாதம் ஒருமுறையாவது சந்திப்போம். ஆய்வைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

ஆட்டோ ஓட்டுநர் என் திண்ணையில் கேட்ட கேள்வி எனக்குப் பழையது என்று சொன்னது இதனால்தான்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு நண்பனின் வீட்டுக்குப் போனேன். நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அதுதான் நான் சொன்ன காரணம்.

அவன் அவளிடம் பாடத்திட்டம் எதையும் கேட்கவில்லை. "அடுத்தடுத்து வரும் பதினேழு எண்களை எடுத்துக்கொள். அவற்றில் மற்ற பதினாறோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டுமா?" என்றான். பலகையையும் சாக்குத்துண்டையும் காட்டினான். அவள் சிறிய எண்களில் தொடங்கினாள். கிடைத்துக்கொண்டே இருந்தது. இருக்கும் என்றாள். "ஏன்?" என்றான். அந்தச் சொல்லைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் வாயில் கேட்டேன். அவள் தடுமாறினாள். இரண்டு மணி நேரம் கழித்து, அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையோ என்ற சந்தேகத்துக்கு வந்திருந்தாள். அவன் அப்போதுதான் 2184 முதல் 2200 வரை எழுதினான். அந்தப் பதினேழில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினாறு எண்கள் வரை அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், பதினேழில் அது உடைகிறது. இதைக் கண்டு சொன்னவரும் வல்லத்துக்காரர்தான், 1940 வாக்கில்.

அவள் முகத்தில் அப்போது இருந்ததை எழுத எனக்குச் சொல் இல்லை. தோற்றவள் முகம் அல்ல அது.

உள்ளே போய் நண்பன் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். நைந்த நகல் தாள்கள் அதே வரிசையில் இருந்தன. கூடவே இரண்டு தடித்த புத்தகங்கள். பிள்ளையின் கட்டுரைகள் முழுவதையும் இராமானுஜன் கணிதக் கழகம் 2010இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டிருந்தது. பதிப்பாசிரியர்கள் இருவர், பாலசுப்பிரமணியனும் தங்கதுரையும். அதை வாங்கியதை என்னிடம் அவன் சொல்லவே இல்லை.

"பாரு" என்று அவளிடம் காட்டினான். "பிள்ளை முடிச்சதுக்கப்புறமும் நாலாம் அடுக்கும் அஞ்சாம் அடுக்கும் பாக்கி இருந்தது. அஞ்சு 1964ல சீனாக்காரர் சென் முடிச்சார், 37. நாலுக்குப் பத்தொன்பதுன்னு வேரிங் சொன்னதை 1986லதான் மூணு பேர் சேர்ந்து முடிச்சாங்க. ரெண்டு பேரு பிரான்சு. மூணாவது ஆள் இந்தப் பாலசுப்பிரமணியன்தான்." பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டினான். 1, 4, 8, 9, 16, 25, 27, 32 என்று அடுக்கு எண்களை வரிசையாக நிறுத்தினால் நடுவே விழும் இடைவெளிகள் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும், எந்த இடைவெளியும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்று பிள்ளை ஊகித்தார். 8க்கும் 9க்கும் நடுவே விழும் ஒன்று என்ற இடைவெளி வேறெங்கும் வராது என்பதை மட்டும் 2002இல் மிகைலெஸ்கு நிறுவினார். மற்றவை இன்றும் திறந்தே கிடக்கின்றன.

அவள் போன பிறகு வாசலில் நின்றோம். சாரல் விட்டிருந்தது. தெருமுனையில் கோபுரம் தெரிந்தது. நான் கேட்க நினைத்து ஒருபோதும் கேட்காததைக் கேட்டேன். அன்று நான் சொன்னது தப்பா?

"எப்பா படுத்துட்டாரு. நீ சொல்லாட்டியும் வந்திருப்பேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இன்னும் ஆறு மாசம் இருந்து பாருன்னு ஒருத்தன் சொல்லியிருக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

*

மறுவாரம் தந்தை வந்தபோது வல்லத்துக்காரரின் கதையைச் சொன்னேன். தாய்தந்தையற்ற பையன், கைகொடுத்த வாத்தியார், சிதம்பரம், பிறகு திருவிதாங்கூர், 1942 முதல் கல்கத்தா. கடைசியாக, பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்கு அழைப்பு வந்து, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டபோது 1950 ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமானம் விழுந்து அதிலிருந்த 55 பேரில் ஒருவராக இறந்ததையும் மறைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அவர் பொறுமையாகக் கேட்டார். "கத சரிதான் சார். செலவுக்கு யாரு?" என்றார்.

முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் மூன்று ஆண்டுகள் 42,000 என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிக்கதுக்குச் சம்பளமா?" என்றார். இராமானுஜனுக்கும் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது, அவரிடம் பட்டம்கூட இல்லை என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. 37,000 விழுந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்தில் பாடம் நடத்தும் நான் யாரைக் குறை சொல்ல?

ஆனால் மற்றதையும் சொன்னேன். பணம் சில மாதங்கள் தாமதமாக வரலாம். ஐந்தாண்டு முடிவில் வேலை நிச்சயமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கையில் காட்ட ஒன்றுமே இருக்காது. அப்போது ஊரார் கேட்பார்கள். அந்தக் காலத்தில் 'எப்போ முடிப்பே' என்று நீங்கள் கேட்காமல் இருக்க வேண்டும். அதுதான் கடினம் என்றேன். அதுவரை பேசாதிருந்த தாய், "நான் கேக்க மாட்டேன் சார்" என்றார்.

அவள் போனாள். இப்போது இரண்டாம் ஆண்டு. சென்ற பொங்கலுக்கு வந்தபோது ஒரு கட்டுரையில் ஒரே வரியில் மூன்று மாதமாக நிற்பதாகச் சொன்னாள். "ஒண்ணும் வரல சார்" என்றாள். மெலிந்திருந்தாள். எனக்குக் கவலையாக இருந்தது. இம்முறை என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. இன்னும் ஆறு மாதம் இருந்து பார் என்றேன். அது சரியான பதில்தானா என்பதற்கு என்னிடம் நிறுவல் இல்லை.

அன்று மாலை அவளையும் நண்பனையும் கோயிலுக்கு அழைத்துப் போனேன். தென்காசிக் கோபுரம் உச்சி இழந்து நெடுங்காலம் நின்றதும், 1990இல் மீண்டும் முழுமையாக எழுந்ததும் எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். அப்போது எனக்குப் பத்து வயது. கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டிலேயே இதை எதிர்பார்த்திருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு நேரும் குறையைத் திருத்திக் காப்பவர் யாராயினும் அவர்களின் அடி பணிகிறேன் என்ற பொருளில் கல்லில் வெட்டி வைத்தான். இதையும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன்தான் நான். பணிவுக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிவந்தேன். அது பணிவு மட்டுமன்று என்று அன்றுதான் பட்டது. தன் காலத்தில் முடியாது என்று தெரிந்தே ஒரு வேலையைத் தொடங்குகிறவன், முடிக்கப்போகிறவனுக்கு எழுதும் கடிதம் அது.

கல்வெட்டைப் படித்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, பிராகாரத்தில் நண்பனோடு நடந்தாள். அவன் காற்றில் விரலால் ஏதோ எழுதிக் காட்டினான். அவள் "ஏன்?" என்று கேட்டாள். இம்முறை நின்று யோசித்தவன் அவன்.